கல்லெறிந்தவரும் கணக்கெடுப்பவரும்

சாக்கிய நாயனார் நாள்தோறும் சிவலிங்கத்தின்மீது கல்லெறிந்தார். இறைவன் அதைப் பூவாக ஏற்றுக்கொண்டான். செயலைப் பார்த்தால் சிவநிந்தை, மனத்தைப் பார்த்தால் பூசை. கிளிநொச்சியில் இரசாயனவியல் படிப்பித்த காலத்தில், குளோரின் பாடம் வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவில் வரும்.

எங்கள் பகுதிக்குக் குளோரின் புதிதல்ல. பரந்தன் கெமிக்கல் பக்டரியில் ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். போர் அதை மூடிவிட்டது. 2018 டிசெம்பர் வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டோம். தேத்தண்ணியில் அந்த மணம் அடித்தது. பிள்ளைகள் முகம் சுளித்தபடி குடித்தார்கள்.

இதே வாயுவைத்தான் 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் ஜெர்மானியப் படை காற்றோடு திறந்துவிட்டது. அதை முன்னின்று நடத்திய ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியா செய்து, உலகத்து வயல்களுக்கு உரம் கிடைக்க வழிகண்டவர். எங்கள் தீவிலும், 1990 ஜூனில் கிரான் இராணுவ முகாம்மீது புலிகள் குளோரினைப் பயன்படுத்தினார்கள். எங்கட ஆக்கள் இதைப் பேச விரும்புவதில்லை.

இரசாயன ஆயுதச் சமவாயத்தை இலங்கை 1994இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதற்கான சட்டம் 2007இல்தான் வந்தது. அதை நடைமுறைப்படுத்தத் தேசிய அதிகாரசபை ஒன்று இருக்கிறது. சமவாயத்தின் அட்டவணைகளில் குளோரின் இல்லை. ஆனாலும், எந்த நச்சுப் பொருளையும் ஆயுதமாக்குவது நோக்கம்தான் என்கிறது சமவாயம். பொருளின் வகையும் அளவும் சொன்ன நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும். நாயனாரின் மனம் இறைவனுக்குத் தெரிந்தது. அதிகாரிக்குத் தெரிவது இறக்குமதிப் பத்திரமும் எடையும் மட்டுமே.

இது குறையான வழி என்று சைவர் ஒருவர் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் மற்ற வழியையும் கண்டவன். தொண்ணூறுகளில் பற்றரி, யூரியா, சீமெந்து, எரிபொருள் எதுவும் வன்னிக்கு வரக்கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. பற்றரி குண்டுக்குப் போகும் என்றார்கள், சில போயிருக்கும். ஆனால் நாங்கள் ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்தினோம். செய்தி நேரத்துக்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். அங்கே எறிபவர் யாரென்று ஒருவரும் பார்க்கவில்லை. கல்லெல்லாம் குற்றவாளி, கல்லுள்ள ஊரும் குற்றவாளி.

எங்கள் மனம் தங்களுக்குத் தெரியும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், இரண்டு பக்கத்திலும். அவர்களைவிடச் சிலிண்டர் எண்ணுகிற அதிகாரி மேல். அவர் எண்ணியது பிழை என்றால் பற்றுச்சீட்டைக் காட்டி வாதாடலாம்.

பரந்தன் பக்டரியைத் திரும்பத் திறக்கிற பேச்சு ஊரில் அடிக்கடி எழுகிறது. திறந்தால், ஒவ்வொரு சிலிண்டரும் எந்தத் தண்ணீர்த் தாங்கிக்குப் போனது என்று அதிகாரசபை துருவித் துருவிக் கேட்கட்டும். குளோரின் என்ற பெயருக்குப் பயந்து வாசலைப் பூட்டாமல் விட்டால் சரி.