வேண்டா என்றொரு பெயர்

முதல் மகளுக்கு யாழினி என்று பெயர் வைத்தோம். இரண்டாவதும் மகள் என்றானதும் வீட்டில் ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே நிபந்தனை: யாழினிக்குப் பொருந்த வேண்டும். மகிழினி, குழலினி, இயலினி. நானும் எக்செல்லில் ஒரு தாள் திறந்து மதிப்பெண் போட்டேன், தொழில்புத்தி. மூன்றாம் நாள்தான் உறுத்தியது. இதில் ஒரு பெயர்கூடப் பிறந்தவளுக்காக யோசித்ததில்லை. அக்காவின் பெயருக்கு இயைபு தேடியது.

எங்களுக்குச் சொந்த ஊர் ஆற்காடு. அப்பாவுக்கு மூன்று அக்காக்கள்: லட்சுமி, சரஸ்வதி, வேண்டா. அப்புறம் அப்பா, ஏழுமலை. நான்கையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வரவேற்பு, ஒரு மறுப்பு, ஒரு நேர்த்திக்கடன். வேண்டா, போதும்பொண்ணு எல்லாம் எங்கள் பக்கமும் திருத்தணிப் பக்கமும் புதிதில்லை. பெண்ணுக்கு இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது பையன் என்று நம்பிக்கை. ஆக, அது அந்தக் குழந்தையைக் கூப்பிட வைத்த பெயரே இல்லை. கடவுளுக்கு எழுதின மனு. குழந்தை வெறும் காகிதம்.

மனு பலித்தது. அப்பா பிறந்தார். அதனால்தான் நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த இடத்தை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

ஸ்வீடனில் குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் பெயரை வரித்துறைக்குச் சொல்லிவிட வேண்டும் (ஆமாம், மக்கள் பதிவேட்டை அங்கே பார்ப்பது வரித்துறைதான்). சுமக்கப்போகிறவருக்குச் சங்கடம் தரும் பெயரை அவர்கள் மறுக்கலாம். வாயில் நுழையாத 43 எழுத்து-எண் கலவையை மகனுக்குப் பெயராக வைக்கப் பார்த்த பெற்றோர் 1996-ல் நீதிமன்றத்தில் தோற்றார்கள். இங்கே 1969-ம் வருடச் சட்டப்படி பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். தமிழ்நாட்டில் ஒரு வருடம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். வேண்டா என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்வீடன் மாதிரி இங்கும் மறுத்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு ஸ்டாலின் ஞாபகம் வந்தார். 1953 மார்ச் 1-ல் பிறந்த மகனுக்கு, நான்கு நாளில் இறந்துபோன சோவியத் தலைவரின் பெயரை வைத்தார் கருணாநிதி. அண்ணன்களில் முத்து, தாத்தா முத்துவேலரின் பெயர். அழகிரி, பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர். பிள்ளைகளின் வரிசையில் அப்பாவின் வாழ்க்கையைப் படிக்கலாம். ஆனால் இன்றைக்கு ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் ஸ்டாலின் என்றால் யாருக்கு மாஸ்கோ ஞாபகம் வருகிறது? சுமந்தவர் பெயரைத் தனதாக்கிக்கொண்டார். அத்தையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டால் பாட்டியை மன்னிப்பது எளிது.

அத்தை ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். போன மாதம் கேட்டேன்.

"அத்தே, கெசட்ல குடுத்துப் பேர மாத்திடலாமா?"

"இன்னாத்துக்குடா? பிஎஃப் எல்லாம் இந்தப் பேர்லதான் கீது. கம்பெனி பஸ்ல வேண்டாக்கா, வேண்டாக்கான்னு எடம் புடிச்சி வெச்சிருப்பாளுங்க. நல்லாத்தான் இருக்கும்."

நான் ஜெயித்த மாதிரி தலையாட்டினேன். கொஞ்சநேரம் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"எங்கம்மா மட்டும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாது. சாவற வரிக்கும் பாப்பாதான்."

பாட்டியை விடுவிக்க நான் ஆயத்தம் செய்துவைத்திருந்த வாதத்தைப் பாட்டியே ஏற்றுக்கொண்டிருக்கவில்லை.

எக்செல் தாளை இன்னும் அழிக்கவில்லை. சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. யாழினி இப்போதைக்குத் தங்கச்சியை "ஏய்" என்கிறாள். அத்தை வந்தால், பாப்பா.