எல்லாம் அடக்கம் என்றார்கள்

மண்ணூர்பேட்டையிலிருந்து மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டுக்குப் போய்வந்த குடும்பத்துக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம் என்றார்கள். போனால் குளம் பூட்டிக் கிடந்தது. குழந்தைக்குக் கேட்ட பாலுக்குத் தனி பில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். அந்த வலி சின்னதல்ல.

சொன்னதைத் தராமல் விடுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். விளம்பரம், ரசீது, பூட்டிய குளத்தின் புகைப்படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.