நடை, வலி, பாவனை

எங்கள் கிளையில் முன்பு ஒருவர் இருந்தார். மேனேஜர் கூப்பிட்டால் நாற்காலியை விட்டு எழுந்து விந்தி விந்திப் போவார். கால்மணி நேரம் கழித்து எங்களோடு டீக்கடைக்கு வரும்போது சாதாரணமாக நடப்பார். 'மேனேஜர் அறை வரைக்கும்தான் வலி' என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவன் நான்தான். இலக்கியம் படித்தவன், பாவனையை மோப்பம் பிடிக்கத் தெரிந்தவன் என்கிற கர்வம் எனக்கு.

இரண்டு வருஷங்களுக்கு முன் என் வலது குதிகாலில் வலி வந்தது. காலையில் தரையில் வைக்கும் முதல் அடியில் ஆணி இறங்கியது மாதிரி இருக்கும். பத்திருபது அடி நடந்தால் தணியும். கவுண்டரில் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. அடியெடுக்கையில் கட்டைவிரல் மேல்நோக்கி மடங்க, உருளையில் சுற்றும் கயிறு போல அது இழுபட்டுப் பாதத்தின் வளைவைத் தூக்குகிறது. 1954ல் ஹிக்ஸ் என்பவர் விவரித்தது இது. பட்டை நொந்துபோனால் ஓய்வுக்குப் பின் வரும் முதல் அடிகளே அதிகம் வலிக்கின்றன. மேனேஜர் அறைக்கும் டீக்கடைக்கும் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்த வலியைப் பற்றியல்ல. அது எட்டு மாதத்தில் போய்விட்டது. பிறகு இடது முழங்கால் வலித்தது, அப்புறம் இடுப்பு. பிஸியோதெரபிஸ்ட் என்னை இப்படியும் அப்படியும் நடக்கவிட்டுப் பார்த்தார். "குதியில இப்ப ஒண்ணுமில்ல சார். வலிக்கிற மாதிரியே நடக்குறீங்க, அதனாலதான் வலிக்குது" என்றார். குதியைக் காப்பாற்றுவதற்காகப் பாதத்தின் வெளி விளிம்பில் பாரத்தைப் போட்டு, வலது காலில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, இடது காலுக்கு அவசரமாகத் தாவப் பழகியிருக்கிறேன். காரணம் போய்விட்டது, காப்பு நிற்கிறது. வீட்டுக்கு வந்து செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வலது செருப்பில் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

'வலிக்கிற மாதிரி' என்ற சொல் என்னைச் சுட்டது. பாவனை என்றால் பாவிக்கிறவன் ஒருவன் வேண்டும். என் பிரக்ஞையில் அப்படி எந்தத் தீர்மானமும் நிகழவில்லை. வேறு யாரும் எனக்காகத் தீர்மானிக்கவுமில்லை. 'என் கால் செய்கிறது, நானல்ல' என்று சொல்லலாமா? எழுத்தில் இந்தச் சலுகையை நாம் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒருவனுடைய நடைக்கு அவனே பொறுப்பு என்கிறோம். என்றோ பட்ட அடியைக் காத்துக்கொண்டே ஒருவன் வாக்கியங்களைக் கோணலாக வைக்கக்கூடும். அதைப் போலித்தனம் என்று நான் எழுதியிருக்கிறேன், ஒருமுறைக்கு மேல்.

மார்செல் மோஸ் 1934ல் ஆற்றிய ஓர் உரையில் நடையைப் பற்றிப் பேசுகிறார். நியூயார்க்கில் நோயாளியாகப் படுத்திருந்தபோது நர்ஸுகளின் நடை எங்கோ பார்த்ததாகத் தோன்றியது. சினிமாவில் பார்த்தது என்று பிறகு புரிந்தது. பாரிஸுக்குத் திரும்பினால் அங்கும் பெண்கள் அப்படியே நடந்தார்கள். நடை சமூகத்திடமிருந்து கற்பது என்பது அவர் கட்சி. ஏற்கிறேன். ஆனால் நான் யாரைப் பார்த்துக் கற்றேன்? எட்டு மாதம் நொந்துகிடந்த என் குதிகாலைத்தான் இன்னும் காப்பி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

குதியை முதலில் ஊன்றி, பாரத்தை மெல்ல முன்னால் கொண்டுபோய், கட்டைவிரலால் தள்ள வேண்டுமாம். கவனித்துச் செய்தால் வருகிறது. தெருவில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவு செயற்கை. சரியாக நடக்கும்போதுதான் நடிக்கிறேன். கவனம் தப்பியதும் பழைய விந்தல் தானாக, இயல்பாக, உண்மையைப் போல வந்துவிடுகிறது.

வலியை ஆராய்கிறவர்களின் சர்வதேசச் சங்கம் 2020ல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. எங்கள் நண்பர் வலிக்கிறது என்று சொன்னதே இல்லை. நாங்கள் கேட்கவுமில்லை.

போன மாதம் அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். பெஞ்சிலிருந்து எழுந்து என்னை நோக்கி வந்தார். முதல் நாலைந்து அடி விந்தல், பிறகு இல்லை. நானும் அவரை நோக்கி நடந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார்.