வயிற்றுவலியும் வினையும்

குடலுக்கு இரத்தம் குறையும்போது எழும் வலி இருவகை. முதலாவது மெல்ல வருவது. பெருந்தமனியிலிருந்து பிரியும் மூன்று குழாய்கள் வயிற்று உறுப்புகளுக்கு இரத்தம் தருகின்றன. ஓய்வில் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. சாப்பிட்டதும் தேவை கூடும். கொழுப்புப் படிந்து குழாய்கள் சுருங்கியிருந்தால் கூடுதல் இரத்தம் வந்து சேராது. உண்ட ஒரு மணி நேரத்துக்குள் வயிறு பிசைந்து வலிக்கும், பிறகு தணியும். நாளடைவில் சோற்றைக் கண்டாலே பயம் வரும், உடல் இளைக்கும். இரண்டாவது திடீரென வருவது. பெரும்பாலும் இதயத்தில் உறைந்த இரத்தக்கட்டி வந்து குழாயை அடைப்பதால் நேர்வது. சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். நோயாளி துடிக்கும்போதும், தொடக்கத்தில் கை வைத்து அழுத்திப் பார்த்தால் வயிறு மெத்தென்றே இருக்கும். சொல்லும் வலிக்கும் தெரியும் குறிக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மையே நோயின் முக்கிய அடையாளம்.

இந்த வலி சமயமும் தத்துவமும் நெடுங்காலம் ஆராய்ந்த இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. பிறர் வலியை அறிவது எப்படி? வலி ஏன் வந்தது?

முதல் கேள்விக்குச் சைவ சித்தாந்த அளவையியலில் விடை தேட வழி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறியும் வழிகளாகிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறது. காண்டலின் வகைகளுள் ஒன்று தன்வேதனைக் காட்சி: இன்பத்தையும் துன்பத்தையும் உயிர் தானே நேராக உணர்வது. வலி அவ்வகையில் துன்புறுபவருக்கு மட்டுமே காட்சி. மற்றவர்களுக்கு இருப்பவை கருதலும் உரையும்தான். முகம் சுளிப்பது, வயிறு இறுகுவது போன்ற குறிகளைக் கொண்டு கருதுகிறோம். குறி காட்டாத நோயில் கருதல் தோற்கிறது. எஞ்சுவது நோயாளியின் உரை ஒன்றே. ஆகவே, ‘வெறும் வாயு’ என்று அந்த உரையைத் தள்ளுவது, கையிலிருக்கும் ஒரே அளவையை எறிந்துவிடுவதாகும். அந்த உரையை நம்பிக் குழாய்களை ஸ்கேனில் பார்ப்பவரே அடைப்பைக் காலத்தில் கண்டுபிடிக்கிறார்.

இரண்டாம் கேள்விக்குத் தமிழ்நாட்டின் புகழ்பெற்ற சான்று திருநாவுக்கரசர். சமணத்தில் தருமசேனராக இருந்தபோது அவருக்குக் கொடிய சூலை கண்டது. தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்கு வந்து, பதிகம் பாடி நலம் பெற்றார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். சூலை என்பது குத்திக் குடையும் வலிக்குப் பழைய பொதுப்பெயர். அதை இன்றைய ஒரு நோயோடு ஒன்றாக்க முடியாது. ஆனால் சேக்கிழார் அந்த வலியை ஆட்கொள்ளும் அருளாகவே காட்டுகிறார். திலகவதியார் தம்பியைக் குற்றம் சொல்லவில்லை; திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப்போனார்.

வடசென்னையின் திருவொற்றியூருக்கும் இத்தகைய கதை உண்டு. தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், ஊரெல்லையைத் தாண்டியதும் பார்வையிழந்தார். பிழையைத் தாமே ஏற்றுப் பாடினார். இரு கதைகளிலும் வினையைப் பேசும் வாய் துன்புற்றவருடையது.

சமணம் துன்ப உணர்ச்சியை வேதனீயம் என்னும் கருமத்தின் பயனாகக் கொள்கிறது. ஆனால் அதே சமயம் எவ்வுயிரையும் வருத்தாமையைத் தலையாய அறமாக வைக்கிறது. புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், தாக்குதல் முதலிய எட்டுக் காரணங்களை வரிசையிட்டு, வினை அவற்றுள் ஒன்றே என்றும், எல்லா உணர்ச்சியும் முன்வினையால் என்பது அறிந்ததை மீறிய பேச்சு என்றும் சீவகர் என்னும் துறவிக்கு விளக்கினார். யோவான் நற்செய்தியில், பிறவிக் குருடனைக் காட்டி யார் பாவம் செய்தார் என்று சீடர்கள் கேட்க, இயேசு அவனும் அல்ல, அவன் பெற்றோரும் அல்ல என்று மறுத்தார்.

இந்த மரபுகள் ஒத்துப்போகும் இடம் ஒன்றுண்டு. வினை என்பது தன் வாழ்வைத் தானே சீர்தூக்கும் சொல். அடுத்தவர் கட்டிலருகே நின்று தீர்ப்புச் சொல்லும் சொல் அன்று. புகையும் நீரிழிவும் குழாயைச் சுருக்குகின்றன என்பது காரணம். ‘செய்த பாவம்’ என்பது பழி. காரணம் சிகிச்சைக்கு வழி திறக்கிறது: சுருங்கிய குழாயில் ஸ்டென்ட் வைக்கலாம், மாற்றுப்பாதை அமைக்கலாம், அழுகிய குடலை வெட்டி எடுக்கலாம். பழியோ நோயாளியின் வாயை அடைக்கிறது. வாய் அடைபட்டால் மேலே சொன்ன ஒரே அளவையும் போய்விடுகிறது.

வடசென்னையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பழைய பெயர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782-இல் பஞ்சத்தில் தவித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பசியென்று வந்தவரின் வினையை விசாரிக்காமல் கஞ்சி ஊற்றிய அந்த அறமே, உண்டால் வலிக்கிறது என்று வருபவருக்கும் உரியது.