தீராத குடல் நோயும் தொழுகையும்



ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் உண்டு. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்தது. பின்னர் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்து கொள்ளலாமா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகையில்லை என்று கூறிவிட்டார்கள். குளித்தார்; மரணமடைந்தார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்பது அக்கண்டிப்பின் கருத்து.

நெய்வேலி நகரியத்தில் ஷிப்டு மாறி மாறிச் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் உழைக்கும் வீடுகளிலும், கேட்க வெட்கப்படும் நோய் ஒன்று உண்டு. நாளுக்குப் பத்து முறை வயிற்றோட்டம், இரத்தம், சளி. டாக்டர் ‘அல்ஸரேடிவ் கோலைடிஸ்’ என்றோ ‘க்ரோன்ஸ்’ என்றோ பெயர் சொல்லி, நெடுங்காலம் மருந்து வேண்டும் என்றதும் வீடே இடிந்து போகிறது. நோயாளி பள்ளிவாசலுக்கு வருவது நிற்கிறது. பிறகு தொழுகையே நிற்கிறது.

வீட்டார் முதலில் அறிய வேண்டியது, இது தொற்று நோயல்ல. தட்டையும் தம்ளரையும் பிரித்து வைக்காதீர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறிக் குடலைப் புண்ணாக்குகிறது. மனைவி வைத்த குழம்பாலோ எவரோ செய்த செய்வினையாலோ வந்ததன்று. புற்று நோயுமன்று. ஆனால் பெருங்குடலில் நீடித்தால் அந்த ஆபத்து கூடும் என்பதால், சுமார் 8 ஆண்டுகளுக்குப் பின் குழாய் விட்டுக் குடலை அவ்வப்போது பார்ப்பார்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் க்ரோன்ஸும் ஒன்றுபோலவே தோன்றும். டாக்டர் மறுபடி பரிசோதிக்கச் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஓடாதீர்கள். இரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்துவதே பெருந்தவறு. ஓதிப் பார்ப்பவர்கள் மருந்தையும் கொடுத்துக் கொண்டே ஓதட்டும்.

இனி மஸ்அலா. ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும் உளூச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவுகூட இடைவெளி கிடைக்காதவர் ஹனஃபி மத்ஹபில் ‘மஃதூர்’. வக்துக்கு ஒரு உளூ போதும். இடையில் அந்நோயால் வெளிப்படுவது உளூவை முறிக்காது. ஷாஃபிஈ மத்ஹபில், நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். வயிற்றில் பை பொருத்தியவருக்கும் இவ்வாறே. இடைவெளி கிடைப்பவர் அந்த நேரத்தில் தொழ வேண்டும். ஏதோ வந்தது போன்ற வெறும் சந்தேகத்தால் எவருக்கும் உளூ முறியாது. நாளுக்கு இருபது முறை உளூச் செய்து அழும் நோயாளிகள் இதை மனதில் வைக்கவும்.

நோன்பைப் பொறுத்தவரை, நோய் அடங்கிய காலத்தில் டாக்டரைக் கேட்டு நோற்கலாம். மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஆசனவாய் வழியே ஏற்றும் மருந்து நோன்பை முறிக்கும். பெரும்பாலும் அதைப் படுக்கும்போதே ஏற்றச் சொல்வார்கள் என்பதால் சிரமமில்லை. நோய் கிளம்பினால் விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்க. இனி நோற்கவே இயலாது என்று உறுதியானவருக்கு ஃபித்யா.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. கழிப்பறையைப் பூட்டி வைத்து, பாங்கு சொன்ன பிறகே திறக்கும் வழக்கத்தை விடுங்கள். கடைசி ஸஃப்பில் வாசலோரம் நிற்பவரை முன்னே வரும்படி இழுக்காதீர்கள். அவருக்குக் காரணம் இருக்கலாம்.