மீனுக்கு வாய்த்த குளிர்ச்சி

கரைத்தீவுக் கடற்கரையில் சித்திரை மாதத்து நண்பகல் எத்தகையது என்பதைப் புத்தளம் மாவட்டத்தில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. வாடை ஓய்ந்துவிட்டது, கச்சான் இன்னும் வலுக்கவில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. ஆனால் அக்காற்று அசைவதில்லை. அத்தகைய ஒரு நாளில், பாடசாலை விட்டு வரும் வழியில், மீன்வாடிகளுக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்த கூலர் வான் ஒன்றின் முன்னறையில், கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டியவாறு ஒருவர் உறங்க முயன்றுகொண்டிருக்கக் கண்டேன்.

கரைசேரும் மீனை வாடி வாடியாகச் சேர்த்து, இரவில் புறப்பட்டு, விடியுமுன் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் சேர்ப்பிப்பது அவர் தொழில். ஆகவே அவருக்குப் பகலே இரவு. சரக்கை விட்டகல இயலாது. எனவே வண்டியே வீடு.

"இந்த வெக்கையில எப்பிடித் தூங்குறீங்க, நானா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பின்னால இருக்கிற மீனுக்கு ஐஸ் இல்லாட்டி முதலாளிக்கு நட்டம், சேர். நான் தூங்காட்டி யாருக்கு நட்டம்?"

அவர் வேடிக்கையாகவே கேட்டார். எனினும் அக்கேள்வி என்னை விட்டகலவில்லை. ஒரே வண்டி, ஒரே வெயில். நடுவே ஒரு தகடு. தகட்டின் ஒருபுறத்தில், உயிர்நீத்த மீன் பனிக்கட்டியில் புதைந்து கிடக்கிறது. மறுபுறத்தில், உயிருள்ள மனிதன் வெந்துகொண்டிருக்கிறான். இவ்வேற்றுமையை வகுத்தது எது?

இயற்கை அன்று என்பது தெளிவு. மனித உடல் உறக்கத்தினுள் நுழையும்போது தன் உள்வெப்பத்தைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறது. கைகால்களின் தோல் வழியே வெப்பத்தை வெளியேற்றுகிறது. சுற்றிலும் உள்ள காற்று வெம்மையும் ஈரமும் மிக்கதாயின் அவ்வெப்பம் செல்ல வழியில்லை. வியர்வை வழிகிறதேயன்றி உலர்வதில்லை. நிறுத்திய வாகனமோ வெயிலைப் பிடித்துவைக்கும் கண்ணாடிப் பெட்டி. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் ஒரு மணிநேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் உயர்வதையும், அவ்வுயர்வின் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிநேரத்திலேயே நிகழ்வதையும், கண்ணாடியைச் சிறிதளவு இறக்கிவைப்பதால் பெரும்பயன் விளைவதில்லை என்பதையும் காட்டியது.

இவற்றை அறிந்தவன் என்ற முறையில் நானும் அவருக்குச் சில உபாயங்கள் கூறினேன். திரையை உள்ளே தொங்கவிடுவதினும் கண்ணாடிக்கு வெளியே கிடுகு சாத்துவது மேல். வெயில் உள்ளே புகுந்தபின் திரை அதைத் திருப்பி அனுப்பமாட்டாது. கூரைக்கு வெள்ளை பூசுவது நன்று. எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து, வலை கட்டிக் காற்றுக்கு வழிவிட வேண்டும். நனைத்த சாக்கு, உலர்ந்த காற்று வீசும் ஊரில் குளிர்ச்சி தரும். ஈரம் மிக்க கரையில் அதன் பயன் குறைவு. கதவுகளை மூடி, எஞ்சினை ஓடவிட்டு, குளிர்சாதனத்தின் கீழ் உறங்குவதோ உயிருக்கே ஆபத்து. மணமும் நிறமுமற்ற காபன் மொனொக்சைட்டு உள்ளே புகுந்தால் உறங்குபவன் விழிப்பதில்லை.

பின்புறத்துக் குளிர்ப்பெட்டியில் படுத்தால் என்ன என்று எண்ணுவோரும் உளர். அது காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்ட பெட்டி. 2019 ஒக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், குளிரூட்டி இயக்கப்படாத அத்தகைய லொறியொன்றினுள் 39 வியட்நாமியர் மூச்சுத்திணறியும் வெப்பம் தாளாமலும் இறந்து கிடந்தனர்.

உபாயங்களையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பெரும்பாலானவற்றை முன்னரே அறிந்திருந்தார். வீடு திரும்பி மின்விசிறியின் கீழ் அமர்ந்தபோது எனக்கு நாணம் உண்டாயிற்று. வெயிலைத் தாங்கும் வித்தையை நான் அவருக்குக் கற்பிக்க முயன்றேன். வெயிலில் அவரைக் கிடத்தியது யார் என்று கேட்கவில்லை. மீன் கெடாமல் இருப்பது வணிகத்தின் பொறுப்பு. மனிதன் உறங்குவது அவனது சொந்தச் சாமர்த்தியம் என்ற வழக்கத்தை நானும் ஆராயாமல் ஏற்றிருந்தேன்.

சிறிது கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுகையில் ஏறத்தாழ 80 கிலோ கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. உறங்கும் மனிதன் ஒரு மணிநேரத்தில் வெளிவிடும் வெப்பமோ ஏறத்தாழ 70 கிலோ கலோரி. மீனுக்கென ஏற்றப்படும் பனிக்கட்டியின் அளவோடு நோக்கினால், மனித உடல் வேண்டுவது எத்துணைச் சிறிது! வெயில் தரும் வெப்பம் வேறு என்பது உண்மை. அதற்கு வேண்டியது நிழல். நிழலுக்கு வேண்டியவை நான்கு கம்புகளும் சில கிடுகுகளும். ஆகவே பொருளின்மை இதற்குக் காரணமன்று. கேட்போர் இல்லை; கொடுக்கும் கடமை தமக்குண்டு என்று கருதுவோரும் இல்லை.

"அவர்களுக்கு இது பழகிவிட்டது" என்பர் சிலர். பழக்கம் என்பது துன்பம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. "உறங்காத சாரதி விபத்துக்குள்ளாவான், ஆதலால் அவனை உறங்கவிடுக" என்பர் வேறு சிலர். இது பயனுள்ள வாதமே, ஆயினும் போதாது. வண்டியின் நலன் கருதி எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? விலையுடைய பொருளுக்கு ஈடாக மற்றொன்றை வைக்கலாம், மனிதனுக்கு உரியதோ விலைக்கு அப்பாற்பட்ட மாண்பு என்று ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் 1785இல் எழுதினார். சாரதி விபத்தே இன்றி ஆயுள் முழுவதும் வண்டி ஓட்டினும், உறக்கம் அவருக்கு உரியதே.

நெய்தல் நிலத்திலிருந்து உள்நாட்டுக்குப் பண்டம் கொண்டுசெல்லும் தொழில் நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்கள் காட்டும் உமணர், உப்பு வண்டிகளைக் குடும்பத்தோடும் கூட்டத்தோடும் ஓட்டிச் சென்றனர். அவர்தம் வழியும் கடியதே, எனினும் எருது களைத்தால் வண்டி நின்றது, மனிதனும் இளைப்பாறினான். இன்றைய எஞ்சின் களைப்பதில்லை. அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியவனோ தனியன். தொழிலாளியின் உணவு நேரத்தையும் உறக்க நேரத்தையும் மூலதனம் கவர்ந்துகொள்வதை மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். கவர்ந்த உறக்கம் எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

பதியச் செய்ய இயலும் என்பதற்கு உலகில் சான்றுகள் உள. 1979ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழில் நிறுவன உடன்படிக்கை, 24 மணிநேரத்தில் தொடர்ச்சியான 10 மணிநேர ஓய்வைச் சாரதியின் உரிமையாக வகுத்தது; அதை ஏற்ற நாடுகள் மிகச் சிலவே. சாரதி தன் 45 மணிநேர வாராந்த ஓய்வை வாகனத்துக்குள் கழிக்கலாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இந்தியாவில், 3.5 தொன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வாகனங்களின் சாரதி அறைக்கு 2025 முதல் குளிர்சாதனம் கட்டாயமாயிற்று. வரவேற்கத்தக்கதே, ஆனால் சிறிய வான் அவ்வரம்புக்குள் வரவில்லை. ஓடும்போது குளிரும் இயந்திரம் நிறுத்தி உறங்குபவனுக்கு உதவுவதுமில்லை.

ஆகவே கரைக்கு வேண்டியது கரையிலேயே அமைய வேண்டும். மீன் இறங்கும் இடமெங்கும் நிழலும் காற்றும் நீரும் உள்ள ஓர் ஓய்வுக்கொட்டில். அவர் உறங்கும் வேளையில் வண்டியைக் காக்க ஓர் ஆள். இச்செலவு பனிக்கட்டியின் செலவைப் போல மீனின் விலையிலேயே அடங்கட்டும். முதலாளி மட்டுமன்றி உண்பவராகிய நாமும் அதில் பங்குகொள்வோம். மீன் வாங்கச் செல்லும்போது செவிளை விரித்துப் பார்க்கிறோம்; கண் தெளிவாக உள்ளதா என்று நோக்குகிறோம். அம்மீனை இரவெல்லாம் விழித்துக் கொணர்ந்தவரின் கண் எவ்வாறு சிவந்திருந்தது என்று என்றேனும் கேட்டதுண்டா?

"நான் தூங்காட்டி யாருக்கு நட்டம்?" என்ற வினாவுக்கு அன்று நான் விடை கூறவில்லை. அடுத்த முறை அவரைக் காணும்போது, உமக்குத்தான் நட்டம், அதுவே போதிய காரணம் என்று கூற எண்ணியிருக்கிறேன். அதைக் கூறும் தகுதி பெற, அதற்கு முன் அந்த வாடியோரத்தில் நாலு கம்புகளாவது நடப்பட்டிருக்க வேண்டும்.