வேலும் லைட்சேபரும்: பேசுறதுக்கு முன்னாடி ஓங்கலாமா?



இந்தப் பதிவு ஒரு நூற்றைம்பது ரூபாய் பிளாஸ்டிக் கத்தியில ஆரம்பிக்குது. தைப்பூசத் திருவிழா சமயம், தர்மபுரி குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும், அங்க பெண்கள் மட்டுமே வடம் பிடிச்சு இழுக்கிற தேரோட்டம் உண்டு. அம்மா வடம் பிடிக்கக் கூட்டத்துக்குள்ள போயிட்டாங்க. அக்கா பையனைப் பார்த்துக்கிற வேலை எனக்கு. அவன் நேரா பொம்மைக் கடைக்கு இழுத்துட்டுப் போய், பட்டனை அமுக்கினா நீலமா எரிஞ்சு 'உய்ங்'னு சத்தம் போடுற ஒரு லைட் கத்தியைப் பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேன்னுட்டான்.

வாங்கிக் குடுத்தேன். தேர் நிலைக்கு வர்ற நேரத்துல சாமியைப் பார்த்தான், கையில இருக்கிற கத்தியைப் பார்த்தான். "மாமா, இது ஜெடாய்ங்க வச்சிருக்கிறது. முருகன் வச்சிருக்கிறதும் இதே மாதிரிதானா? அதுலயும் லைட் வருமா?"

"வரும்டா"ன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடலை.

ஸ்டார் வார்ஸ் பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி. 1977-ல ஜார்ஜ் லூகாஸ் எடுத்த படம். விண்வெளி, கிரகங்கள், ஒரு கிரகத்தையே தூளாக்குற ஆயுதம் எல்லாம் அதுல இருக்கு. ஆனா அந்தக் கதையோட பெரிய வீரர்கள், ஜெடாய்ங்க, கையில வச்சிருக்கிறது துப்பாக்கி இல்லை, வாள். இரும்புக்குப் பதிலா ஒளியாலான வாள். அதுதான் லைட்சேபர். நிறத்தைப் பார்த்தாலே யாரோடதுன்னு தெரிஞ்சுடும். இருட்டுல அந்த ரீங்காரம் மட்டும் கேட்டாலும் தியேட்டரே கத்தும். அந்தச் சத்தத்தை பென் பர்ட்ங்கிற ஒலிக்கலைஞர் பழைய புரொஜெக்டர் மோட்டார் ஓடுற சத்தத்தையும் டிவி பிக்சர் டியூபோட இரைச்சலையும் கலந்து உண்டாக்கினார். முதல் கைப்பிடியைப் பழைய கேமராவோட ஃப்ளாஷ் பிடியை வச்சுத்தான் செஞ்சாங்க. உலகமே கொண்டாடுற மந்திர வாள் பிறந்த கதை இவ்வளவுதான்.

இந்த இடத்துல வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் வரும்: "லூகாஸ் நம்ம முருகன் வேலைப் பார்த்துத்தான் லைட்சேபரை உருவாக்கினார், ஷேர் பண்ணுங்க." தயவுசெஞ்சு ஷேர் பண்ணாதீங்க. அவர் பார்த்தது ஜப்பானிய சாமுராய் படங்களை. அகிரா குரோசாவா 1958-ல எடுத்த 'மறைகோட்டை' படத்தோட தாக்கம் அதுல இருக்குன்னு அவரே சொல்லியிருக்கார். நம்ம வேலுக்குப் பெருமை சேர்க்கப் பொய் எதுக்கு?

ஆனா ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. ஆயுதமே ஆளோட கையெழுத்தா மாறுறது. யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசாமி கோயில்ல மூலஸ்தானத்துல இருக்கிறது வேல்தான். மலேசியாவுல பத்துமலைக் குகையோட வாசல் வேல் வடிவத்துல தெரிஞ்சதாலதான் தம்புசாமிப் பிள்ளை அங்க முருகனுக்குக் கோயில் எழுப்பினார்னு சொல்வாங்க. முகம் வேண்டாம், மயில் வேண்டாம், ஒரு வேல் போதும். பார்த்த உடனே கை கூப்பிடுறோம்.

இப்படி ஒரு ஆயுதத்தைப் பார்த்துக் கை கூப்புறோமே, இது சரியான்னு யோசிச்சிருக்கீங்களா? ஆயுதம்னா குத்துறதுக்கும் வெட்டுறதுக்கும் செய்யுறது. அதை நெஞ்சுல டாலரா போடுறோம், வண்டியில ஸ்டிக்கரா ஒட்டுறோம், டிபியா வைக்கிறோம். "வேல்னா ஞானம்பா, அடி ஆழம், நடு அகலம், நுனி கூர்மை"ன்னு சொல்வீங்க. நானும் பிரசங்கத்துல கேட்டதுதான், அழகான விளக்கம். ஆனா வேலை டிபியில வைக்கிற எல்லாரும் ஞானத்தை நினைச்சுத்தான் வைக்கிறோமா? நான் அப்படி வைக்கலை. அதைப் பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி நம்ம மண்ணுல இந்தக் கேள்வியை ஒரு அம்மா எப்பவோ எழுப்பியிருக்காங்க, அதைப் பார்த்துடலாம்.

தகடூர்தான் இன்னைக்குத் தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவனுக்கும் தொண்டைமானுக்கும் போர் வரும்போல இருந்தப்போ, அதியமானுக்காகத் தொண்டைமான்கிட்ட தூது போனவர் ஔவையார். (நாவல்பழக் கதையில முருகன்கிட்ட மாட்டின ஔவையும் இவரும் ஒருத்தர் இல்லைன்னுதான் அறிஞர்கள் சொல்றாங்க. நமக்கு ரெண்டு பேரும் பாட்டிதான்.) தொண்டைமான் தன்னோட ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டினான். பார், எங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு. ஔவை அதைப் பார்த்துட்டுச் சொன்னது புறநானூற்றுல 95-ஆவது பாட்டா இருக்கு. விஷயத்தை என் வார்த்தையில சொல்றேன்: உங்க ஆயுதம் எல்லாம் மயில்தோகை கட்டி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள அரண்மனையில பத்திரமா இருக்கு. எங்க ராஜாவோட வேலெல்லாம் பகைவரைக் குத்திக் குத்தி நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு.

புகழ்ற மாதிரி திட்டுறது. பளபளன்னு இருக்கிற உன் ஆயுதம் ஒரு போரையும் பார்த்ததில்லைன்னு அர்த்தம். ஸ்கூல்ல படிச்சப்போ "செம பஞ்ச்"னு கைதட்டினேன். இப்ப திரும்பப் படிச்சா வேற ரெண்டு விஷயம் கண்ணுல படுது.

ஒண்ணு, அந்த மயில்தோகை. வேலுக்கு மயில்தோகை கட்டி, மாலை போட்டு வச்சிருக்கிறது யாரு? இன்னைக்கு நாமதான். நம்ம பூஜை அறையில இருக்கிற வேல் அப்படித்தான் இருக்கு, என் டிபியில இருந்த வேலும் அப்படித்தான் இருந்துச்சு. அப்படின்னா ஔவையோட கிண்டல் நமக்கும் சேர்த்தா?

ரெண்டாவது, பாட்டோட கடைசிப் பகுதி. உடைஞ்ச வேலைப் பத்திச் சொல்லிட்டு, அதோட சொந்தக்காரன் யாருன்னு ஔவை அறிமுகப்படுத்துறார். பெரிய படை வச்சிருக்கான்னு சொல்லலை. இருந்தா எல்லாருக்கும் சோறு போடுவான், இல்லைன்னா இருக்கிறதைப் பகிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவான், இல்லாதவங்களுக்குச் சொந்தக்காரன்னு சொல்றார். போர்க்களத்துல உடைஞ்ச வேலுக்கு நடுவுல சாப்பாட்டுப் பந்தி எதுக்கு வருது? வேலைப் பார்த்து ஆளை எடை போடாதே, ஆளைப் பார்த்து வேலை எடை போடுன்னு சொல்றதா எனக்குப் படுது.

ஸ்டார் வார்ஸ் கதைகள்லயும் இதே எண்ணம் இருக்கு. லைட்சேபருக்குள்ள ஒரு படிகக் கல் இருக்கும். கெட்ட பக்கம் போன சித்துங்க அந்தக் கல்லுக்குள்ள தங்களோட கோபத்தையும் வெறுப்பையும் ஏத்தி ஏத்தி, அது ரத்தம் கசியுற மாதிரி சிவப்பா மாறிடுமாம். கல்லைப் பிடிச்சவனோட மனசுதான் நிறமாத் தெரியுது.

சரி, என் கதைக்கு வரேன். சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு.

எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரு வண்டிப்பாதைத் தகராறு. எங்க நிலத்துக்கு டிராக்டர் போகணும்னா அவங்க வரப்பு ஓரமாத்தான் போகணும். தாத்தா காலத்துல இருந்து போய்க்கிட்டுதான் இருந்தது. போன வருஷம் பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, அங்க கல் நட்டு கம்பி கட்டிட்டார். நான் என்ன பண்ணேன்? ரெண்டு வேல் குறுக்கே நிக்கிற மாதிரி, பின்னாடி நெருப்பு எரியுற படத்தை டிபியா வச்சேன். ஸ்டேட்டஸ்ல வேல் படத்தைப் போட்டு, "சூரன் எவனா இருந்தாலும் சம்ஹாரம் உறுதி"ன்னு எழுதினேன். அண்ணன் பார்க்கணும்னே போட்டேன். பார்த்தார். அன்னைக்கே அவரும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டார். அதுலயும் வேல்! அவரும் முருக பக்தர்தானே. நாலு நாள் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முருகனை வச்சே மிரட்டிக்கிட்டோம். சொந்தக்காரங்க எல்லாம் வேடிக்கை பார்த்தாங்க.

அம்மாவுக்கு வாட்ஸ்அப் பெருசாத் தெரியாது. அக்கா காட்டியிருக்கா. ராத்திரி சாப்பாடு போடும்போது கேட்டாங்க: "ஏன் கண்ணு, முருகன் சூரன்மேல எடுத்த உடனேயா வேலை விட்டான்? மொதல்ல வீரவாகுவை அனுப்பிப் பேசினான்ல? நீ உங்க அண்ணனுக்கு ஒரு போன் பண்ணியா?"

பண்ணலை. ஒரு தடவைகூடப் பண்ணலை.

அன்னைக்கு ராத்திரி கந்தபுராணத்தை வேற கண்ணோட யோசிச்சுப் பார்த்தேன். காஞ்சிபுரம் குமரகோட்டத்துல கச்சியப்ப சிவாச்சாரியார் பாடின அந்தக் காவியத்துல, வேல் கைக்கு வந்ததுக்கும் சூரன்மேல வேலை விட்டதுக்கும் நடுவுல எவ்வளவு நடக்குது பாருங்க. தூது போகுது. சூரன் கேட்கலை. போர் நடக்குது, தம்பி சாகுறான், பிள்ளைங்க சாகுறாங்க. கடைசியில முருகன் தன் பெரிய உருவத்தைக் காட்டுறான். சூரனுக்கே ஒரு நிமிஷம் கண் திறக்குது, கும்பிடத் தோணுது. அப்புறம் ஆணவம் திரும்பி வந்துடுது. கடலுக்கு நடுவுல மாமரமா நிக்கிறான். அதுக்கப்புறம்தான் வேல் போகுது. மரத்தை ரெண்டாப் பிளந்துட்டு அவன் கைக்கே திரும்புது. பிளந்த ஒரு பாதி மயில், இன்னொரு பாதி சேவல்.

ஜெயிச்சவன் தோத்தவனோட தலையைக் கோட்டை வாசல்ல தொங்கவிடுற கதைதான் உலகத்துல நிறைய. இவன் பகைவனைத் தன் வாகனமா வச்சுக்கிட்டான், கொடியில தூக்கி வச்சான். நாம மயிலையும் சேவலையும் கும்பிடும்போது சூரனையும் சேர்த்துத்தான் கும்பிடுறோம். "சம்ஹாரம் உறுதி"ன்னு ஸ்டேட்டஸ் போட்டப்போ இது எனக்குத் தோணவே இல்லை.

1983-ல வந்த மூணாவது ஸ்டார் வார்ஸ் படத்துலயும் இப்படி ஒரு கட்டம். நாயகன் லூக், இருட்டுப் பக்கம் போயிட்ட தன் அப்பாவையே சண்டையில வீழ்த்திடுறான். கொல்லுன்னு பக்கத்துல பேரரசன் தூண்டிவிடுறான். லூக் தன் கையைப் பார்க்கிறான், அப்புறம் லைட்சேபரைத் தூக்கி எறிஞ்சுடுறான். அப்பா திருந்துறதும் அதுக்கப்புறம்தான். அத்தனை வாள்சண்டை இருக்கிற படத்துல பலபேர் மறக்காத கட்டம் வாளைக் கீழ போட்டதுதான்.

நம்ம முருகன் வேலைக் கீழ போடலை, அது உண்மை. ரெண்டும் ஒரே கதைன்னு நான் சொல்ல வரலை. சில சூரனுங்க எவ்வளவு பேசினாலும் கேட்க மாட்டானுங்க, அங்க வேல் போய்த்தான் ஆகணும். ஔவை போன தூதுலகூட மறைமுகமா மிரட்டல் இருக்கத்தானே செய்யுது? இருக்கு. ஆனா அந்தப் பாட்டி போனது போரை நிறுத்த. நான் ஸ்டேட்டஸ் போட்டது சண்டையை ஆரம்பிக்க.

இன்னொண்ணும் சொல்லணும். அவ்வளவு வேல் உடைஞ்சும் அதியமான் தப்பிக்கலை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகை போட்ட போர்ல அவன் கதை முடிஞ்சது. இன்னைக்குத் தர்மபுரியில எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும் அதியமான்னா நெல்லிக்கனின்னுதான் சொல்வான். தானே தின்னு நீண்ட நாள் வாழாம ஔவைக்குக் குடுத்தானே, அந்தப் பழம். அவன் வேல் எப்படி இருந்ததுன்னு யாருக்கும் ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில ஸ்டேட்டஸை எடுத்தேன். டிபியை மாத்தலை, நெருப்பை மட்டும் எடுத்துட்டு வெறும் வேலை வச்சேன். அதை எடுக்க மனசு வரலை, பொய் சொல்லலை. அண்ணனுக்குப் போன் அடிச்சேன். எடுக்கலை. மத்தியானம் திரும்ப அடிச்சேன், அப்பவும் எடுக்கலை. அப்புறம் ஒரு மெசேஜ் போட்டேன்: "அண்ணா, வர்ற கிருத்திகைக்கு அம்மா வீட்ல பொங்கல் வைக்கிறாங்க. நீங்களும் அண்ணியும் வாங்க. பாதை விஷயம் உட்கார்ந்து பேசலாம்."

அக்கா பையனோட லைட் கத்தியில பேட்டரி தீர்ந்துடுச்சு. எரியாத கத்தியை அவன் பூஜை அலமாரியில எங்க பித்தளை வேல் பக்கத்துல சாய்ச்சு வச்சிருக்கான். எடுக்கப் போனேன், அம்மா விடலை. "இருக்கட்டும் விடு"ன்னுட்டாங்க.

அண்ணன் மெசேஜைப் பார்த்துட்டார். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு. பதில் இன்னும் வரலை. கிருத்திகைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு.

வேலும் மயிலும் துணை.